முத்துப் பல்லும் காவிப் பல்லும்

பல்லுக்கு முத்தை உவமை சொல்வதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடிய அம்மூவனார், ஒரு பாட்டில் தலைவியின் பல்லுக்குக் கொற்கைத் துறை முத்தைத்தான் காட்டுகிறார். அந்தக் கொற்கை தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம், ஏரலுக்குப் பக்கம். கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. அகராதியைப் புரட்டினால் இன்னொரு வேடிக்கை. 'நகை' என்ற ஒரே சொல்லுக்குச் சிரிப்பு, பல், முத்து, ஆபரணம் என்று எல்லாப் பொருளும் போட்டிருக்கிறது. 'மூரல்' என்றால் பல்லும் ஆகும், புன்னகையும் ஆகும், சோறும் ஆகும். சிரிப்பையும் பல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் வழக்கம் நம் ஆட்களுக்கு அன்றைக்கே இல்லை போலிருக்கிறது.

ஆனால் முத்தைக் கையில் வைத்துப் பிழைத்தவர்கள் அதைப் பார்த்த விதம் வேறு. நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தது 1977-ல். இங்கே முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிக் கிளையில் கே. அழகர்சாமியும் அவருடன் வேலை பார்த்தவர்களும் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அதனால் நான் சேர்ந்த காலத்தில் ஊரில் முத்து என்றாலே ஒன்று பழங்கதை, இல்லையென்றால் விஞ்ஞானம். எங்கள் ஆபீசுக்கு அடிக்கடி வரும் காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் பழங்கதைப் பக்கத்து ஆள். அவர் வாப்பா காலத்தில் முத்து வியாபாரம். வேலை இல்லாத மத்தியானங்களில் எங்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார்.

முத்தைச் சலிக்கப் பித்தளைச் சல்லடைகள் உண்டு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். 20 கண் உள்ளது முதல் 1000 கண் உள்ளது வரை வரிசையாக இருக்கும். அளவு பிரித்த பிறகு தரம். உருட்சியும் ஒளியும் குறையாதது ஆணி. அடுத்தது அணதாரி. அப்படியே இறங்கி வடிவு, மடங்கு, குறவல், கலிப்பு என்று போய்த் தூளில் முடியும். "வெள்ளையா இருக்கான்னு எவனும் பாக்க மாட்டான் தம்பி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடந்தா அது செத்த முத்து. உள்ளேருந்து ஒளி வரணும். லேசா பாலாடை நெறம் இருக்கணும்" என்பார்.

பல்லுக்கும் இதே கதைதான் என்று பிற்பாடு பல் மருத்துவர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன. பல்லின் மேலே இருக்கும் எனாமல் பாதி ஒளி ஊடுருவும் பொருள். அதற்கு அடியில் இருக்கும் தந்தினி இயல்பாகவே மஞ்சள் சாயல் கொண்டது. அந்த மஞ்சள் எனாமல் வழியாக மங்கலாகத் தெரிவதுதான் நல்ல பல்லின் நிறம். சினிமா விளம்பரங்களில் பார்க்கிற தூய வெள்ளை எந்த மனிதனுக்கும் முளைப்பதில்லை. பெரியவர் கணக்கில் அதெல்லாம் செத்த முத்து.

இதையெல்லாம் நான் ஆர்வமாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுப் பல் எந்தச் சல்லடையிலும் நிற்காத பல்.

எங்கள் ஊர் ஓட்டப்பிடாரம் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. பருத்தியும் கம்பும் விளையும் பூமி. ஊருக்கு ஒரு பொதுக்கிணறு. தண்ணீர் தெளிவாக இருக்கும், குடிக்கக் குறை சொல்ல முடியாது. அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாங்கள் எல்லோரும் காவிப் பல்லர்கள். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டாக முளைக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் அந்தத் திட்டு மஞ்சளாகி, அப்புறம் தேயிலைச் சாயம் ஊறினதுபோல் பழுப்பாகிவிடும். சிலருக்குச் சின்னச் சின்னப் பள்ளமும் விழும்.

எங்கள் அம்மா ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து, அதாவது தாமிரபரணிக் கரையிலிருந்து, எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பல் பளிச்சென்று இருக்கும். கடைசிவரை அப்படியே இருந்தது. அதே கிணற்றுத் தண்ணீர், அதே கம்மங்கூழ், அதே வேப்பங்குச்சி. அதனால் எங்கள் அப்பத்தா ஒரு தீர்ப்பு எழுதிவிட்டாள். "தாய்க்காரி பல்லைப் பாருங்க. ஒழுங்கா வெளக்குதா, நல்லா இருக்கு. உங்களுக்குச் சோம்பேறித்தனம்." தீர்ப்பு வந்தால் தண்டனையும் வரும் அல்லவா? உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல், அப்புறம் கடையில் வாங்கின கோபால் பல்பொடி. அக்கா செங்கல் பொடியை வைத்து ஈறில் ரத்தம் வரத் தேய்ப்பாள். எனக்கு மூன்று வயது மூத்தவள். நான் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடிவிடுவேன். இருவர் பல்லும் ஒரே நிறத்தில்தான் இருந்தது.

அப்பத்தாவின் தீர்ப்புக்கு எதிராக வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருந்தான். சித்தப்பா மகன், தூத்துக்குடி டவுனில் பிறந்தவன். சித்தப்பா இறந்தபின் பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தான். மகா சோம்பேறி, பல் விளக்கச் சொன்னால் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துவிடுவான். அவன் பல் முத்து முத்தாக இருந்தது. டவுனில் அவன் குடித்தது குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து குழாயில் கொண்டுவந்து சேர்த்த ஆற்றுத் தண்ணீர். இதை அன்றைக்கு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். நிரந்தரப் பற்களின் எனாமல், ஈறுக்குள்ளே, பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அந்த வயதில் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளையோடு நின்றுவிடும். முளைத்த பிறகு அந்தத் துளைகளில் சாயம் ஏறும். எட்டு வயதுக்கு மேல் அந்த ஊருக்கு வருகிறவனுக்கு, அவன் அதே கிணற்றில் நாள் முழுக்கக் குடித்தாலும், பல்லில் கறை வராது. அம்மாவுக்கும் சித்தப்பா மகனுக்கும் வராததன் காரணம் அவ்வளவுதான். தேய்த்துப் போகக்கூடிய அழுக்கும் அல்ல அது. பல்லின் உள்ளே அமைந்தது. எங்கள் அக்கா ஈறைத்தான் தேய்த்தாள். இந்திய தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் தண்ணீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் இதைத் தாண்டுவது பிற்பாடு ஆய்வுகளில் பதிவானது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த விசித்திரமும் இல்லை. 1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், உள்ளூர்க்காரர்கள் பலருக்குப் பல் பழுப்பாக இருப்பதைப் பார்த்து அதிசயப்பட்டார். அங்கேயே பிறந்தவர்களுக்கும் குழந்தையாக வந்தவர்களுக்கும் கறை. பெரியவர்களாகக் குடிவந்தவர்களுக்கு இல்லை. எங்கள் அம்மா கதையேதான். தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு என்று கண்டுபிடிக்க 1931 ஆயிற்று. கறை படிந்த பல் அவ்வளவு சீக்கிரம் சொத்தையாவதில்லை என்பதையும் மெக்கேதான் கவனித்தார். இந்தியாவில் இதை 1937-ல் எழுதிவைத்தவர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த ஷார்ட். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களைப் பார்த்து எழுதினார். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே இதற்காகவே காவிரித் தண்ணீர் கொண்டுபோகும் ஒகேனக்கல் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

1937-ல் எழுதிவைத்த உண்மை, 1971-ல் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

அந்த வருஷம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அக்கா நல்ல நிறம், நல்ல உயரம், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். முதலில் வந்தவர்கள் காபி குடித்தார்கள், நகை கேட்டார்கள், எல்லாம் பேசினார்கள். கிளம்பும்போது கூட வந்த ஒரு கிழவி, "பிள்ளை வந்ததுலேருந்து வாயே தொறக்கலையே. கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்றாள். அக்கா சிரிக்கவில்லை. பெரியம்மா இடுப்பில் கிள்ளினாள். அக்கா சிரித்தாள். கிழவி தலையை ஆட்டிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது இடத்துக்காரர்கள் நேரடியாகவே கேட்டுவிட்டார்கள்: "வெத்தல போடுமா?" மூன்றாவது இடத்தில் கூடுதலாக ஐந்து பவுன் கேட்டார்கள். எதற்கு ஐந்து என்று அப்பா கேட்க, அவர்கள் ஒன்றும் சொல்லாமல் அக்கா நின்ற திசையைப் பார்த்தார்கள். நான் அப்போது பியூசி படித்துக்கொண்டிருந்தேன். தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

அக்கா வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தது அப்போதிருந்துதான். சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பு முதலில் வரும், சிரிப்பு பிறகு வரும். பேசும்போதுகூட மேல் உதட்டை இறக்கி வைத்துப் பேசுவாள். தெரியாதவர்கள் அவளைக் கர்வி என்பார்கள்.

கடைசியில் அவளைக் கட்டியது அடுத்த ஊர்க்காரர். உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. அத்தானுக்கும் அதே கிணறு, அதே பல். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர்தான் முதலில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தக் கல்யாணம் நன்றாகவே நடந்தது, நன்றாகவே இருந்தது.

எனக்கு 1980-ல் பெண் பார்த்தார்கள். என் பல்லும் அக்கா பல்லும் ஒரே அச்சு என்று சொன்னேன் அல்லவா? வருங்கால மாமனார் என் வாயைப் பார்க்கவே இல்லை. "போர்ட்ல பெர்மனென்ட் ஆயிட்டுதா?" என்று மட்டும் கேட்டார். ஆயிட்டுது என்று பல்லைக் காட்டிச் சொன்னேன். முகூர்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்றபின் இந்த விஷயமாகக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். 1999-ல் கோக்கிச் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணரும் அவர் குழுவும் செய்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தது. சிரிக்கும் வாய்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, சீரமைப்பு நிபுணர்களிடமும், சாதாரணப் பல் மருத்துவர்களிடமும், பொதுமக்களிடமும் காட்டினார்கள். மேல் முன்பற்களின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியபோது நிபுணர்கள் முகம் சுளித்தார்கள். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் அது கண்ணிலேயே படவில்லை. சிரிக்கும்போது ஈறு தெரிவதை நிபுணர்கள் 2 மில்லிமீட்டரிலேயே குறையாகச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு 4 வேண்டியிருந்தது. பல் டாக்டர் பார்க்கும் வாயும் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் வாயும் ஒன்றல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. மகனுக்கும் மகளுக்கும் கிளிப் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கடிக்க, மெல்ல இடைஞ்சல் என்றால் கட்டாயம் போடுங்கள். மில்லிமீட்டர் கணக்குக்காக என்றால், அதை உங்களையும் டாக்டரையும் தவிர யாரும் அளக்கப்போவதில்லை. நிறம் அப்படி இல்லை என்பது என் அனுபவம். கோணலைக் கவனிக்க நின்று பார்க்க வேண்டும். கறை வாசலிலிருந்தே தெரியும்.

இதில் ஊருக்கு ஊர் நியாயம் வேறு. முன்பல்லில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களும் அதை அதிர்ஷ்டப் பல் என்றே சொல்கிறார்கள். ஜப்பானில் ஒரு காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதை அழகு என்று வைத்திருந்தார்கள். அதே ஜப்பானில் தெத்துப்பல்லை அழகு என்று செயற்கையாகப் பொருத்திக்கொண்ட இளம்பெண்களும் உண்டு. நம்மூரிலும் தெத்துப்பல் அழகிகளுக்கு ரசிகர்கள் குறைவில்லை. புன்னகை அரசி என்று கே.ஆர். விஜயாவுக்குப் பட்டம் கொடுத்த நாட்டில், காந்தியின் பொக்கைவாய்ச் சிரிப்புக்கும் குழந்தையின் சிரிப்புக்கும் அதே மரியாதை இருக்கிறது. பல்லே இல்லாத வாயை ரசிக்க முடிகிறவர்களுக்குப் பழுப்புப் பல்லை மட்டும் ஏன் பொறுக்கவில்லை? அழுக்கு என்று நினைத்ததுதான் காரணம். பழுப்பைப் பார்த்ததும் இவள் சுத்தமில்லாதவள், வெற்றிலை போடுகிறவள், சோம்பேறி என்று ஒரு நொடியில் குணத்தைக் கணித்துவிடுகிறார்கள். அப்பத்தாவும் அந்தக் கிழவியும் பார்த்தது அக்காவின் பல்லை அல்ல, அதற்குப் பின்னால் இருப்பதாக அவர்கள் நினைத்த ஒரு பெண்ணை.

இப்போது ஃபுளோரைடு கறைக்கு வைத்தியம் இருக்கிறது. லேசான கறையை மேலாகச் சுரண்டி வெளுக்க வைக்கிறார்கள். ஆழமான கறைக்குப் பல்லின் முன்பக்கத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டுப் பீங்கான் தகடு ஒட்டுகிறார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது. தகடு உடைந்தால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. சின்னக் குழந்தைகளின் புதுப் பல்லைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

வயதானால் இந்தக் கவலை தானாகவே பாதி குறையும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1978-ல் விக், புருண்டோ என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். உதட்டைத் தளர்வாக வைத்திருக்கும்போது முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மேல் முன்பல் சராசரியாக மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தெரிந்தது. அறுபதைத் தாண்டினவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பதிலாகக் கீழ்ப்பல் மூன்று மில்லிமீட்டர் தெரிந்தது. உதடு தொங்கிவிடுகிறது, அவ்வளவுதான். என் ரிட்டயர்மென்ட் பார்ட்டி போட்டோவை எடுத்துப் பார்த்தேன். உண்மை. கீழ்ப்பல்தான் தெரிகிறது.

அக்காவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அத்தான் இல்லை. ஈறு நோயில் பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. மீதியையும் எடுத்துவிட்டுச் செட் வைக்கலாம் என்று போன மாதம் அவள் மகன் சென்னையிலிருந்து வந்து டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். நானும் போனேன். மாதிரிப் பல் வரிசை ஒன்றை டாக்டரம்மா எடுத்து நீட்டினார். ஏ1 முதல் டி4 வரை பதினாறு நிறம். எனக்குக் காயல்பட்டினத்துப் பெரியவரின் சல்லடைகள் ஞாபகம் வந்தன.

மருமகன் இருப்பதிலேயே வெள்ளையைத் தொட்டு, "இதையே போடுங்க டாக்டர். அம்மா காலம் பூரா ஆசைப்பட்டது" என்றான்.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுல மனுசங்க பல்லு எதும்மா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு, உங்கள் வயதுக்கு ஏ3 பொருத்தமாக இருக்கும் என்று மஞ்சள் சாயல் உள்ள ஒன்றைக் காட்டினார். அக்கா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதே போதும். அவன் சொல்லுறது உப்பளம் மாதிரி கண்ணக் கூசுது."

இரண்டு வாரத்தில் செட் வந்தது. பொருத்தி முடித்து டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்தார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மா மாதிரியே இருக்கிறது என்றாள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம் என்று மருமகன் போனை நீட்டி, நான் காது கேட்காமல் நர்ஸிடம் உளறியதை நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்துவிட்டோம். போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. நாங்கள் நாலு பேரும் இருக்கிறோம். அக்காவின் மூக்குக்குக் கீழே நீலச் சேலைத் தலைப்புதான் தெரிகிறது.

கீழ்ச்செட் இடது பக்கம் உரசுகிறதாம். வியாழக்கிழமை திரும்பவும் கூட்டிப்போக வேண்டும்.